கானாவின் தேர்தல் நாள் ஏன் அமைதியாகக் கழிகிறது?

கானாவில் வசிக்கும் இந்தியக் குடும்பங்களுக்குத் தேர்தல் நெருங்கிவிட்டது என்பது முதலில் சமையலறையில்தான் தெரியவரும். 2024 டிசம்பர் முதல் வாரத்தில், டெமா துறைமுக நகரத்தில் எங்கள் தெருவின் இந்திய வீடுகளில் எல்லாம் அரிசி மூட்டை ஒன்று கூடுதலாக வந்து இறங்கியது. கேஸ் சிலிண்டர்கள் நிரப்பி வைக்கப்பட்டன. கார்களில் பெட்ரோல் முழுக்கப் போடப்பட்டது. வாக்குப்பதிவு நாளிலும் அதை அடுத்த நாள்களிலும் வீட்டை விட்டு வெளியே செல்ல வேண்டாம், கட்சி நிறங்களில் உடை அணிய வேண்டாம், யாரோடும் அரசியல் பேச வேண்டாம் என்று நிறுவனங்கள் தம் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பின. ஊரிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாதா என்று கேட்டார்கள். பிறகு டிசம்பர் 7, சனிக்கிழமை வந்தது. சுமார் 1 கோடியே 87 லட்சம் பேர் வாக்காளர்களாகப் பதிவு செய்திருந்த நாட்டில், ஏறத்தாழ 41,000 வாக்குச்சாவடிகளில் காலை 7 மணிக்குத் தொடங்கிய வாக்குப்பதிவு மாலை 5 மணிக்கு முடிந்தது. சில இடங்களில் அசம்பாவிதங்கள் நடந்தன. ஆனால் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது அமைதியான நாள். ஆளுங்கட்சி தோற்றது. மறுநாள் காலையிலேயே, தேர்தல் ஆணையம் முடிவை அறிவிப்பதற்கு முன்பே, தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். வாங்கி வைத்த அரிசியைப் பொங்கல் வரை சமைத்துச் சாப்பிட்டோம்.

கானாக்காரர்கள் இயல்பிலேயே சாதுவானவர்கள் என்பது இதற்கு இங்குள்ள இந்தியர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். இந்த நாட்டின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்ற கானாவில், அந்த விடுதலையைப் பெற்றுத்தந்த குவாமே என்க்ருமாவை 1966இல் ராணுவம் கவிழ்த்தது. அதன் பின்னர் 1972, 1978, 1979, 1981 என ஆட்சிகள் துப்பாக்கி முனையிலேயே மாறின. 1979 ஜூனில் முன்னாள் ராணுவ ஆட்சித் தலைவர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுற்றுப்புறமும் அமைதிப் பூங்கா அல்ல. மேற்கே ஐவரி கோஸ்ட்டில் 2010 அதிபர் தேர்தலில் தோற்றவர் பதவி விலக மறுத்ததால் மூண்ட சண்டையில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். வடக்கே புர்கினா ஃபாசோவில் 2022 என்ற ஒரே ஆண்டில் இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்தன. கிழக்கே டோகோவில் 1967 முதல் ஒரே குடும்பம் ஆட்சியில் இருக்கிறது. இவற்றின் நடுவே உள்ள ஒரு நாட்டில் ஆட்சி நான்கு முறை வாக்குச்சீட்டால் கட்சி மாறியிருக்கிறது என்றால், காரணத்தை மக்களின் குணத்தில் தேடுவதைவிட அங்கே செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளில் தேடுவதே பொருத்தம்.

அந்த ஏற்பாடுகள் நம்பிக்கையிலிருந்து பிறக்கவில்லை, அவநம்பிக்கையிலிருந்து பிறந்தவை. 1981 டிசம்பர் 31 அன்று ஆட்சியைப் பிடித்த ஜெர்ரி ராலிங்ஸ், பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அரசியல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, 1992 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் தாமே நின்று வென்றார். முறைகேடு நடந்ததாகக் குற்றம் சாட்டிய புதிய தேசபக்தக் கட்சி, அதாவது என்.பி.பி., அடுத்த மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தது. எதிர்க்கட்சியே இல்லாத நாடாளுமன்றத்தோடு தொடங்கிய அந்தக் குடியரசு நீடிக்கும் என்று அப்போது யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். தேர்தல் ஆணையத்தின் தலைவராக 1993இல் பொறுப்பேற்று 2015 வரை அப்பதவியில் இருந்த க்வாட்வோ அஃபாரி-கியான், 1994இல் எல்லாக் கட்சிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் ஆலோசனைக் குழு ஒன்றைத் தொடங்கினார். வாக்காளர் பட்டியல் முதல் வாக்குப்பெட்டி வரை ஒவ்வொன்றையும் கட்சிகள் அங்கே சந்தேகப்பட்டன. சந்தேகத்துக்கு ஏற்ப நடைமுறைகள் மாற்றப்பட்டன. உள்ளே இருப்பது வெளியே தெரியாத பெட்டி மீது சந்தேகம் என்றார்கள். 1996 தேர்தலுக்குக் கண்ணாடி போல உள்ளே தெரியும் பெட்டிகள் வந்தன. ஆள்மாறாட்டம் என்றார்கள், அடையாள அட்டையில் படம் வந்தது, 2012 முதல் விரல்ரேகைக் கருவியும் வந்தது. அந்த 1996 முதல் எல்லா அதிபர் தேர்தல்களும் டிசம்பர் 7 அன்றே நடக்கின்றன. ஜனவரி 7 அன்று பதவியேற்பு. தேதியை ஆளுங்கட்சி தன் வசதிக்கு இழுக்க முடியாமல் போனதுகூட ஒரு பெரிய ஆறுதல்.

இது வாக்குச்சாவடியில் எப்படித் தெரிகிறது என்பதை, வெளியே போகாதே என்ற சுற்றறிக்கையைச் சற்று மீறி, எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். முந்தைய இரவே வரிசை தொடங்கிவிட்டது. ஆனால் நின்றது ஆட்கள் இல்லை. கல், ரப்பர் செருப்பு, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் நிரப்பிய பாட்டில் என ஒவ்வொருவரும் தமக்குப் பதிலாக ஒரு பொருளை இடம்பிடித்து வைத்திருந்தார்கள். விடிந்ததும் அந்தக் கல்லுக்குப் பின்னால் அதன் சொந்தக்காரர் வந்து நின்றார். அடுத்தவர் கல்லை யாரும் நகர்த்தவில்லை. வளாகத்து வேப்பமரத்து நிழலில் மேசைகள் போடப்பட்டிருந்தன. வேம்பு இங்கே ஊரெங்கும் வளர்ந்து கிடப்பதால் அந்தக் காட்சியில் நம்மூர் சாயல் கொஞ்சம் இருந்தது. முதல் மேசையில் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கிறார்கள்; அடுத்ததில் கருவியில் விரல் வைக்க வேண்டும்; பிறகு அதிபருக்கு ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று என இரண்டு வாக்குச்சீட்டுகள். முத்திரைக் கட்டை கிடையாது. வாக்காளர் தம் கட்டைவிரலையே மையில் தோய்த்து, வேட்பாளர் படத்துக்கு எதிரே பதிக்கிறார். விரலில் அழியாத மையும் வைக்கிறார்கள். மைசூரில் 1937இல் தொடங்கப்பட்ட கர்நாடக அரசு நிறுவனம் இந்தியத் தேர்தல்களுக்குத் தயாரிக்கும் மையை வாங்கியிருக்கும் நாடுகளில் கானாவும் ஒன்று.

ஆனால் அந்த இடத்தில் மிக முக்கியமானவர்கள் என எனக்குப் பட்டவர்கள் அதிகாரிகள் அல்லர். அவர்களுக்குப் பின்னால் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கட்சி முகவர்கள். நம்மூர் பூத் ஏஜென்ட்டைப் போலவே கையில் பட்டியலின் நகல், பேனா, டிஃபன் பொட்டலம். அவர்களின் உண்மையான வேலை மாலை 5 மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாக்குகள் எண்ணும் மையத்துக்கு எடுத்துச் செல்லப்படுவதில்லை; போட்ட இடத்திலேயே, எல்லார் கண்ணெதிரிலும் எண்ணப்படுகின்றன. பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை வேட்பாளர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார் தலைமை அதிகாரி. சுற்றி நிற்கும் கூட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுகிறது. இருட்டிய பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணிக்கை தொடர்ந்தது. ஒரு சீட்டில் கட்டைவிரல் ரேகை இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் விழுந்திருந்தது. அதிகாரி அதை நாலாபக்கமும் திருப்பிக் காட்ட, இரு கட்சி முகவர்களும் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்து, ஒருவர் முணுமுணுத்தபடியே தலையசைக்க, அது செல்லாத வாக்குகளின் பக்கம் போயிற்று. இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கூட்டம் பொறுமையாக நின்றது.

எண்ணி முடித்ததும் எழுதப்படும் முடிவுப் படிவம்தான் ‘பிங்க் ஷீட்’. இளஞ்சிவப்புத் தாளில் இருப்பதால் வந்த பெயர். கானாவில் சந்தையில் மீன் விற்கும் பெண்ணுக்கும் அது என்னவென்று தெரியும். சாவடியில் பதிவான வாக்குகள், செல்லாதவை, ஒவ்வொரு வேட்பாளரும் பெற்றவை எல்லாம் அதில் எழுதப்படும். அதிகாரியும் முகவர்களும் கையெழுத்திடுவார்கள். ஒவ்வொரு கட்சி முகவருக்கும் நகல் ஒன்று கிடைக்கும். இந்தியாவில் வாக்குப்பதிவு முடிந்ததும் முகவர்களுக்குத் தரப்படும் 17சி படிவத்தை இதோடு ஒப்பிடலாம். அதில் மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பது மட்டும்தான் அன்று இருக்கும். யாருக்கு எத்தனை என்பது எண்ணும் நாள் வரை இயந்திரத்துக்குள். கானாவிலோ அன்றிரவே முடிவு ஆயிரக்கணக்கான காகிதங்களில், ஒருவரையொருவர் நம்பாத பல கைகளுக்குப் போய்விடுகிறது. எல்லாச் சாவடிகளுக்கும் முகவர் அனுப்ப வல்ல கட்சி, நாட்டின் முடிவைத் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தலைநகர் அக்ராவில் உட்கார்ந்து ஒருவர் எண்ணை மாற்றினால், மாற்றியது எந்தச் சாவடியில் என்று சுட்டிக்காட்டக் காகிதம் இருக்கும்.

இதற்குத் துணையாக வானொலி. 1990களின் நடுவில் தனியார் பண்பலை நிலையங்கள் அனுமதிக்கப்பட்ட பிறகு, செய்தியாளர்கள் தொகுதி தொகுதியாக முடிவுகளைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நாடே இரவு முழுவதும் விழித்திருந்து கூட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் வந்துவிட்டது. உள்நாட்டுத் தேர்தல் பார்வையாளர் கூட்டமைப்பு ஒன்று, 2008 முதல், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த சாவடிகளின் முடிவுகளைத் தனியே திரட்டி, ஆணையத்தின் எண்ணோடு ஒப்பிட்டு வருகிறது.

அந்த 2008 தேர்தல்தான் முதல் கடும் சோதனை. அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன் கென்யாவில் தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்ததால், அக்ராவிலும் அதே அச்சம் இருந்தது. கானாவின் சட்டப்படி அதிபராக வருபவர் பாதிக்கு மேல் வாக்குப் பெற வேண்டும். முதல் சுற்றில், அப்போது ஆளுங்கட்சியாக இருந்த என்.பி.பி.யின் நானா அகுஃபோ-அட்டோ 49.13 விழுக்காடு பெற்று நூலிழையில் தவறவிட்டார். டிசம்பர் 28 அன்று நடந்த இரண்டாம் சுற்றிலும் முடிவு தெளிவாகவில்லை. வாக்குப்பதிவு நடக்காமல் போன டைன் என்ற ஒரே ஒரு கிராமப்புறத் தொகுதிக்காக நாடு 2009 ஜனவரி 2 வரை காத்திருந்தது. இறுதியில் எதிர்க்கட்சியான தேசிய ஜனநாயக காங்கிரஸின் ஜான் அட்டா மில்ஸ், சுமார் 90 லட்சம் வாக்குகள் பதிவான தேர்தலில் 40,586 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். அகுஃபோ-அட்டோ தோல்வியை ஏற்றார். ஜனவரி 7 அன்று ஆட்சி கைமாறியது. இந்திய அரசின் கடனுதவியோடு கட்டப்பட்டு அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த புதிய அதிபர் மாளிகை, கட்டிய கட்சிக்குப் பயன்படாமலே போயிற்று என்று அப்போது இங்கே கேலி பேசினார்களாம்.

அடுத்த சோதனை நீதிமன்றத்தில். 2012இல் அதே தேசிய ஜனநாயக காங்கிரஸின் ஜான் மஹாமா 50.70 விழுக்காட்டோடு வென்றபோது, 11,000க்கும் மேற்பட்ட பிங்க் ஷீட்டுகளில் குறைகள் இருப்பதாகக் கூறி என்.பி.பி. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது நீதிபதிகள் முன் மாதக்கணக்கில் நடந்த விசாரணை முழுவதும் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. மனுதாரர் தரப்பின் முக்கிய சாட்சி, முன்னாள் மத்திய வங்கி அதிகாரியும் பொருளாதார அறிஞருமான மஹாமுது பவூமியா. சாவடியில் என்ன நடந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும்போதெல்லாம், நீங்களும் அங்கே இல்லை நானும் அங்கே இல்லை, தாளில் இருப்பதே சாட்சி என்ற பொருளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் தெருப்பேச்சாகவே ஆகிவிட்டது. 2013 ஆகஸ்ட் 29 அன்று மனு தள்ளுபடியானது; தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்று அகுஃபோ-அட்டோ அன்றே அறிவித்தார். 2016இல் அவர் வென்றபோது, மஹாமா தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் வாக்குச்சீட்டால் தோற்றது கானாவில் அதுவே முதல் முறை.

இந்தப் பின்னணி தெரிந்தால் 2024இன் அமைதி வியப்பளிக்காது. அந்த ஆண்டு ஆளுங்கட்சி வேட்பாளராக நின்றவர் அதே பவூமியா. துணை அதிபராக எட்டு ஆண்டுகள் இருந்தவர். டிசம்பர் 8, ஞாயிறு காலை, தம் கட்சி திரட்டிய கணக்கே மஹாமாவின் வெற்றியைக் காட்டுகிறது என்று சொல்லி, அவருக்கு வாழ்த்துத் தெரிவித்ததையும் அறிவித்தார். தாளில் இருப்பதே சாட்சி என்று பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாதாடியவர், தமக்கு எதிரான தாள்களையும் அதே அளவுகோலால் அளந்தார் என்று கொள்ளலாம். ஆணையம் மறுநாள்தான் முடிவை அறிவித்தது: மஹாமாவுக்கு 56.55 விழுக்காடு. ஞாயிறு பகல் முழுவதும் எங்கள் தெருவில் விளக்குக் கம்பங்களைத் தட்டியபடியும், ஊதுகுழல் ஊதியபடியும் இளைஞர்கள் போனார்கள். தோற்ற கட்சியின் கொடி கட்டிய வீட்டு வாசலில் நின்று கொஞ்சம் கேலி செய்தார்கள். வீட்டுக்காரர் சிரித்தபடியே கொடியை அவிழ்த்து உள்ளே எடுத்துப் போனார்.

ஆயினும் இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. 2024இல் அமைதி எளிதாகக் கிடைத்ததற்கு, வித்தியாசம் பெரிதாக இருந்ததும் ஒரு காரணம். 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 விழுக்காட்டைத் தொட்டது. அதே மாதம் நாடு வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023இல் சர்வதேச நாணய நிதியத்திடம் 300 கோடி டாலர் உதவி பெற வேண்டியதாயிற்று. ‘கலாம்சே’ என்று இங்கே சொல்லப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் ஆறுகளைச் சேறாக்கின. இத்தனைக்கும் பின் ஆளுங்கட்சியின் ஆதரவாளர்களில் பலர் வாக்களிக்கவே வரவில்லை. 2020இல் 79 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 61 விழுக்காட்டுக்கு இறங்கியது. வாக்கு வித்தியாசம் 16 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பெரிய பள்ளத்தின் எதிரே நின்று யாரும் முறைகேடு என்று கூவ முடியாது. 2008ஐப் போல 40,000 வாக்குகளில் முடிவு தொங்கியிருந்தால், எங்கள் அரிசி மூட்டை தேவைப்பட்டிருக்குமோ என்னவோ.

தேர்தலுக்கு முன் நடக்கும் சமாதான ஒப்பந்தக் கையெழுத்து விழாக்களுக்கு வெளிநாட்டு ஊடகங்கள் தரும் முக்கியத்துவமும் சற்று அதிகம் என்றே தோன்றுகிறது. 2011இல் சட்டப்படி அமைக்கப்பட்ட தேசிய அமைதி மன்றமும், பாரம்பரியத் தலைவர்களும், நூறு வயதைக் கடந்த தேசியத் தலைமை இமாமும் கட்சிகளைக் கூட்டி வைத்துப் பேசுவது பயனுள்ளதுதான். ஆனால் அடியாள் படைகளைக் கையெழுத்து தடுப்பதில்லை. 2019 ஜனவரியில் அக்ராவின் அயவாசோ மேற்கு வுவோகோன் இடைத்தேர்தலில் முகமூடி அணிந்தவர்கள் துப்பாக்கியோடு இறங்கிய பிறகுதான், கட்சிகளின் அடியாள் குழுக்களைத் தடை செய்யும் சட்டம் அதே ஆண்டில் வந்தது.

இவ்வளவையும் பார்க்கும் வெளிநாட்டவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பது சரியே. எனினும் ஒரு வேடிக்கை உண்டு: வெளிநாடுகளில் வாழும் கானா மக்களுக்கு வாக்குரிமை தரும் சட்டம் 2006இலேயே நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை; வெளிநாடுவாழ் இந்தியரான எனக்கும், பட்டியலில் பெயர் இருந்தாலும், சொந்தத் தொகுதிக்கு நேரில் போனால்தான் வாக்கு. லண்டனில் இருக்கும் கானாக்காரரும் டெமாவில் இருக்கும் தமிழரும் இந்த விஷயத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அமைதி எங்கே உடைகிறது என்பதைக் கவனித்தால் ஏற்பாட்டின் பலவீனமும் விளங்கும். திறந்தவெளியில், அக்கம்பக்கத்தார் முன்னிலையில், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் முகவர்களுக்கு நடுவே எண்ணும்வரை பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. பிங்க் ஷீட்டுகள் தொகுதித் தொகுப்பு மையத்துக்குப் போய், மூடிய அறைக்குள் கூட்டல் தொடங்கி, வெளியே இரு கட்சிக் கூட்டமும் இரவெல்லாம் காத்து நிற்கும்போதுதான் கல் பறக்கிறது. 2020இல் டெச்சிமான் தெற்குத் தொகுதியின் தொகுப்பு மையத்தில்தான் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் 5 பேர் இறந்ததாகக் காவல்துறை அப்போது கூறியது. 2024இலும் அதிபர் முடிவு அறிவிக்கப்பட்டபோது 276 தொகுதிகளில் ஒன்பதின் கணக்கு வந்து சேரவில்லை. சில மையங்கள் தாக்கப்பட்டன. அவற்றில் அக்ராவைச் சேர்ந்த அப்லெகுமா வடக்குத் தொகுதி அரையாண்டுக்கும் மேலாக நாடாளுமன்ற உறுப்பினரே இல்லாமல் இருந்தது. 19 சாவடிகளின் முடிவுகள் மூலத் தாள்களிலிருந்து அல்லாமல், கட்சியிடமிருந்து கிடைத்த ஸ்கேன் பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதே தகராறு. 2025 ஜூலை 11 அன்று அந்த 19 சாவடிகளில் மட்டும் மறுவாக்குப்பதிவு நடந்தபோது வெளியாட்கள் புகுந்தார்கள். முன்னாள் பெண் அமைச்சர் ஒருவரே தாக்கப்பட்டார். அன்று எங்களுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.